ஆங்கிலக் கிராமத்தில் ஒரு வாரம்: குடும்பத்தினர் நடத்தும் காட்டேஜை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நான் லீட்ஸில் வேலை செய்கிறேன். அடுத்த ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். அப்பா இன்னும் வயலுக்குப் போகிறவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. பர்மிங்ஹாமிலிருந்து அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று வயது மகள். மொத்தம் ஆறு பேர். ஹோட்டல் வேண்டாம், அமைதியான ஓர் ஆங்கிலக் கிராமத்தில் ஒரு குடும்பம் நடத்தும் காட்டேஜை ஒரு வாரத்துக்கு எடுக்கலாம் என்று நினைக்கிறோம். எந்தப் பக்கம் போகலாம்? முன்பதிவுக்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்:

"அப்பா இன்னும் வயலுக்குப் போகிறவர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே எந்தப் பக்கம் போவது என்பதை முடிவு செய்துவிடுகிறது. ஸ்வேல்டேலுக்குப் போங்கள். யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் வட பகுதியில் இருக்கும் பள்ளத்தாக்கு அது. லீட்ஸிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். ரீத், கன்னர்சைட், மியூக்கர், த்வெயிட், கெல்ட் என்று ஸ்வேல் ஆற்றை ஒட்டிச் சின்னச் சின்ன ஊர்கள். தெற்கே காட்ஸ்வோல்ட்ஸ் என்னும் குன்றுப் பகுதியின் தேன்நிறக் கல்வீடுகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பைபரி போன்ற ஊர்களில் கோடைக்காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். நீங்கள் கேட்ட அமைதி அங்கே விடியற்காலையில் மட்டும்தான் கிடைக்கும்.

மாதமும் நன்றாக அமைந்திருக்கிறது. மியூக்கரைச் சுற்றியுள்ள, உலர்தீவனத்துக்காக வளர்க்கும் புல்வெளிகள் பூத்துக் கிடப்பது ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை. பெரும்பாலான வயல்களில் அறுப்பு அதற்குப் பிறகுதான். ஆங்கிலப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலை கடைசியில்தான் தொடங்குகிறது என்பதால் அதற்கு முந்தைய வாரங்களில் வாடகையும் குறைவு. இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூன் மூன்றாம் வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டைப் பற்றி. "குடும்பத்தினர் நடத்துவது" என்று விளம்பரத்தில் எழுதுவது எளிது. நான் வடக்கு இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட வீடுகளை எடுத்து வருகிறேன். என் அனுபவத்தில் அந்தச் சொல்லுக்குள் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். முதலாவது, ஆடு மாடு வளர்க்கும் பண்ணைக் குடும்பம். முற்றத்தை ஒட்டிய பழைய தொழுவத்தையோ தாத்தா இருந்த வீட்டையோ சீர்செய்து வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டாவது, ஓய்வுபெற்ற தம்பதி. பக்கத்து வீடும் அவர்களுடையதுதான். மூன்றாவது, பாட்டி வீடு பிள்ளைகளுக்கு வந்து, பிள்ளைகள் தொலைவில் இருக்க, சாவியும் சுத்தம் செய்யும் வேலையும் ஊரில் ஒருவர் பொறுப்பில் இருப்பது. மூன்றும் நல்லவைதான். இவற்றுக்கு வெளியே, முதலீட்டுக்காக ஏழெட்டு வீடுகளை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறத்தில் பூசி, குடும்பப் படம் ஒன்றை இணையப் பக்கத்தில் போட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எப்படிக் கண்டுகொள்வது? தொலைபேசியில் அழையுங்கள். "குளியலறைக் குழாயில் வெந்நீர் வர எத்தனை நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். அந்த வீட்டில் வாழ்ந்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார். மற்றவர் "விசாரித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்புகிறேன்" என்பார்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் இன்று வாடகைக்குக் கிடைக்கும் சிறு கல்வீடுகளில் பல, ஒரு காலத்தில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்தவை. 1880-களில் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டபோது குடும்பம் குடும்பமாக டர்ஹம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் லங்காஷயர் பஞ்சாலைகளுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். அன்று காலியான ஊர்கள் இன்று இன்னொரு விதத்தில் காலியாகின்றன. வெளியூர்க்காரர்கள் வீடுகளை வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது, இளம் தம்பதிகளுக்கு வீடு கிடைப்பதில்லை. பக்கத்திலிருக்கும் ஆர்க்கன்கார்த்டேலின் தொடக்கப்பள்ளி 2019-இல் மூடப்பட்டது. இன்னொரு பக்கம், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்தபின் மலைப்பண்ணைகளுக்குக் கிடைத்துவந்த நேரடி மானியம் 2021 முதல் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. ஆட்டை மட்டும் நம்பி அங்கே குடும்பம் நடத்துவது கடினம். ஆகவே நீங்கள் கொடுக்கும் வாடகை எந்தக் கைக்குப் போகிறது என்பது அந்த ஊருக்கு உண்மையிலேயே முக்கியம். பண்ணைக் குடும்பத்தின் வீடு கிடைத்தால் அதையே எடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

பெரிய முகமைகள் வழியாகவும் இதே குடும்பங்களின் வீடுகள் கிடைக்கும். முகமை எடுத்துக்கொள்ளும் பங்கு வாடகையில் ஐந்தில் ஒன்று வரைகூடப் போகும். வீட்டுக்குச் சொந்தமாக இணையப் பக்கம் இருந்தால் நேரடியாகப் பேசுவது இருவருக்கும் நல்லது. பேரம் பேசலாமா என்று தயங்க வேண்டாம், ஆனால் ஜூன் வாரத்துக்குப் பேசாதீர்கள். மார்ச் போன்ற குளிர்மாத வாரங்களுக்குப் பேசினால் பலன் உண்டு. இங்கிலாந்தில் ஒரு விடுமுறை வீடு வணிகச் சொத்தாகக் கருதப்பட, 2023 ஏப்ரல் முதல், ஆண்டில் குறைந்தது 70 இரவுகளாவது உண்மையில் வாடகைக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் கணக்கை எட்டாத வீட்டுக்கு உள்ளாட்சி வரி விதிக்கப்படும். 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு அந்த வரியை இரு மடங்காக்கவும் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் வந்துவிட்டது. அதனால் குளிர்மாத இரவுகளை நிரப்ப உரிமையாளர்களுக்கு ஆர்வம் இருக்கிறது.

இப்போது உங்கள் அம்மாவின் முழங்கால். இதில் நான் சறுக்கியிருக்கிறேன், அதனால் நீளமாகவே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் அம்மா வந்திருந்தபோது, படத்தில் பார்த்து மயங்கி, முந்நூறு ஆண்டுப் பழமையான ஒரு வீட்டை எடுத்தேன். படுக்கையறைகள் இரண்டும் மாடியில், கழிப்பறை ஒன்றே ஒன்று, அதுவும் சமையலறையைத் தாண்டிக் கீழே. படிக்கட்டு ஏணியைப் போலச் செங்குத்து. கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு. அம்மா ஒரு வாரம் முழுவதும் மாலை ஐந்து மணிக்குமேல் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் சொன்னார். வீட்டுக்காரர்மேல் தவறு இல்லை. படிக்கட்டு செங்குத்தானது என்று இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார், நான்தான் அதைக் கடந்து படத்தைப் பார்த்தேன்.

பழைய ஆங்கிலக் கிராமத்து வீடுகளில் பல பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருப்பவை. இங்கிலாந்து முழுவதும் அந்தப் பட்டியலில் ஏறத்தாழ நான்கு லட்சம் பதிவுகள் உள்ளன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரம் எனப்படும் வகை. பட்டியலில் இருக்கும் வீட்டில் படிக்கட்டை மாற்றவோ கதவை அகலப்படுத்தவோ தனி அனுமதி வேண்டும். அதனால் குறைகள் குறைகளாகவே இருக்கும். ஆகவே கேட்க வேண்டியவை இவை: தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை உண்டா, அதே தளத்தில் கழிப்பறை உண்டா, குளியல் தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்க வேண்டுமா அல்லது தனி ஷவர் உண்டா, கார் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படிகள். பழைய தொழுவத்தை மாற்றிக் கட்டிய வீடுகள் இந்த விஷயத்தில் நல்லவை. தரை சமமாக இருக்கும், சிலவற்றில் எல்லா அறைகளும் கீழேயே அமைந்திருக்கும். "உத்தரம் தாழ்வானது" என்று எழுதியிருந்தால் அண்ணனின் உயரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறடிக்காரர் நெற்றியில் இடித்துக்கொள்ளாத வீடு அங்கே அரிது.

குழந்தைக்காக மூன்று கேள்விகள் போதும். படிக்கட்டுக்குத் தடுப்புக் கதவு இருக்கிறதா? விறகு அடுப்பைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கிறதா? தோட்டம் மூடியதா, அல்லது நேராக ஆற்றுக்கு இறங்குகிறதா? ஸ்வேல் ஆறு பார்ப்பதற்கு முழங்கால் ஆழம்தான். மலையில் மழை பெய்தால் சற்று நேரத்திலேயே பெருகிவிடும்.

குளியலறை பற்றி நம்மவர்களிடம் யாரும் சொல்லாத ஒன்று. அங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. சில வீடுகளில் கம்பளமே விரித்திருப்பார்கள். வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்துப் பழகியவர்கள் தொட்டிக்கு வெளியே நின்று குளித்தால் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழ் அறைக் கூரையில் இறங்கிவிடும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முதல் நாளே காட்டிக்கொடுங்கள். ஷவர் ஓடாவிட்டால் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், ஷவருக்கான மின் சுவிட்ச் அதுதான். வெந்நீர் ஒரு தொட்டியளவுதான் சேமிப்பில் இருக்கும் வீடுகளில் ஆறு பேரும் வரிசையாகக் குளித்தால் நான்காவது ஆளுக்குக் குளிர்ந்த நீர்தான். பாதிப் பேர் இரவில் குளிக்கட்டும்.

பல வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய்த் தொடர்பு கிடையாது, தோட்டத்தில் புதைத்த தொட்டிதான். அதில் கழிப்பறைத் தாளைத் தவிர எதையும் போடக்கூடாது. குழந்தைக்குத் துடைக்கும் ஈரத்தாள்கள் போனால் அடைத்துக்கொள்ளும். சமையல் எண்ணெயும் அப்படித்தான், ஆறவைத்து ஒரு பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

சமையலறைக்கு வருவோம், ஏனென்றால் ஒரு வாரமும் ரொட்டியும் சூப்புமாக உங்கள் அப்பா இருக்கமாட்டார். அடுப்பு எந்த வகை என்று கேளுங்கள். இந்த ஊர்களுக்கு எரிவாயுக் குழாய் வருவதில்லை. சிலிண்டர், மின்சாரம், அல்லது ஆகா எனப்படும் கனத்த இரும்பு அடுப்பு. பழைய வகை ஆகா எப்போதும் கனன்றுகொண்டே இருக்கும். மேலே இரண்டு தட்டுகள், ஒன்று கொதிக்க, மற்றொன்று மெல்ல வேக. குழம்புக்கும் பருப்புக்கும் அது அருமையானது, ஆனால் தீயைச் சட்டென்று கூட்டவோ குறைக்கவோ முடியாது, தோசைக்குப் பழக்கம் வேண்டும். இண்டக்‌ஷன் என்றால் உங்கள் அலுமினிய குக்கர் வேலை செய்யாது. தாளிக்கும்போது மிளகாய்ப் புகை எச்சரிக்கைக் கருவியை அலறவைக்கும். முதலில் சன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். கருவியைக் கழற்றி வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய மர உத்தரங்களும் மரப்படிகளும் உள்ள வீடு அது. எழுத்தில் தீ அபாய மதிப்பீடு வைத்திருக்க வேண்டியது உரிமையாளரின் சட்டக் கடமை, கேட்டால் காட்டுவார்கள். எரிவாயு இருந்தால் ஆண்டுதோறும் பரிசோதித்த சான்றிதழும் இருக்க வேண்டும். மஞ்சள் கறை மரப்பலகையிலும் வெளிர்நிறக் கல்லிலும் போகவே போகாது, எனவே சொந்தமாக ஒரு வெட்டுப்பலகை கொண்டுபோங்கள். மசாலா, அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாவற்றையும் லீட்ஸிலேயே வாங்கிவிடுங்கள். காய்கறிக்கு ஹாஸில் செவ்வாய்ச் சந்தை, லேபர்னில் வெள்ளிச் சந்தை, ரிச்மண்டில் சனிச் சந்தை.

பணம். ஆறு பேருக்கான வீடு, நான் பார்த்த அளவில், ஜூனில் வாரத்துக்கு 800 பவுண்டிலிருந்து 1,300 பவுண்ட் வரை போகிறது. ஆகஸ்டில் இன்னும் கூடும். வாரம் என்பது வெள்ளி முதல் வெள்ளி அல்லது சனி முதல் சனி. மாலை நான்கு மணிக்கு நுழைந்து, கடைசி நாள் காலை பத்து மணிக்கு வெளியேற வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில்தான் அவர்கள் ஆறு படுக்கைகளையும் மாற்றுகிறார்கள். முன்கூட்டியே வரலாமா என்று கேட்பது தவறில்லை. கேட்காமல் ஒரு மணிக்கே வாசலில் போய் நிற்பதுதான் தவறு. பதிவின்போது கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ முன்பணம், மீதி ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன். பெற்றோருக்கு விசா இன்னும் வரவில்லை என்றால் இதை உரிமையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி, தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பங்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

இணையத்தில் வாங்கிய பொருளைப் பதினான்கு நாளில் திருப்பித் தரும் உரிமை தேதி குறித்த தங்குமிடத்துக்குக் கிடையாது, இதைப் பலர் அறியாமல் ஏமாறுகிறார்கள். ஆனால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி நிபந்தனைகள் நியாயமாக இருக்க வேண்டும். நீங்கள் ரத்து செய்த வாரம் மறுபடி வேறொருவருக்குப் போய்விட்டால், முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வது நியாயமான நிபந்தனை ஆகாது. பிரிட்டனில் வழங்கப்பட்ட உங்கள் கிரெடிட் கார்டில் வீட்டுக்காரருக்கே நேரடியாகச் செலுத்தினால், வாடகை நூறு பவுண்டுக்கு மேல் என்பதால், 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு காப்பாற்றும்: வீட்டுக்காரர் வாக்குத் தவறினால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. சிறு குடும்பங்கள் பல வங்கிப் பரிமாற்றம் மட்டுமே ஏற்பார்கள். அது கெட்ட அறிகுறி அல்ல. ஆனால் அனுப்பும் முன் வீட்டுத் தொலைபேசி எண்ணில் பேசுங்கள், முகவரியை வரைபடத்தில் பாருங்கள், படத்தில் உள்ள சன்னலும் புகைபோக்கியும் அங்கே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வேறொருவர் வீட்டின் படங்களைத் திருடி விளம்பரம் செய்து முன்பணத்தோடு மறைந்துவிடும் ஏமாற்றுக்காரர்கள் உண்மையில் இருக்கிறார்கள். சந்தை விலையில் பாதிக்கு ஜூன் வாரம் காலியாக இருக்கிறது என்றால் விலகிவிடுங்கள்.

ஆறு பேர் என்று பதிவு செய்தால் ஆறு பேர்தான். லண்டனிலிருந்து சித்தப்பா குடும்பம் இரண்டு இரவு வந்து தரையில் படுத்துக்கொள்வது நமக்கு இயல்பு, அங்கே அது காப்பீட்டையும் தீப் பாதுகாப்பையும் உடைக்கும் செயல். பகலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

கார் அவசியம். தன்னார்வலர்கள் ஓட்டும் லிட்டில் ஒயிட் பஸ் அந்தப் பக்கத்தில் அருமையான சேவை, ஆனால் ஆறு பேரும் பெட்டிகளும் அதை நம்பிப் போக முடியாது. பாதைகள் பல இடங்களில் ஒரே வண்டி போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க வெட்டிவிட்ட இடம் வரை வண்டியைப் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும். ஒதுங்கி வழிவிட்டவருக்குக் கை உயர்த்துவது அங்கே கட்டாயம் போன்ற பழக்கம். ஹாஸிலிருந்து பட்டர்டப்ஸ் கணவாய் வழியாக த்வெயிட்டுக்கு வரும் சாலை 500 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. பகலில் அது கண்கொள்ளாக் காட்சி, மூடுபனியில் வேண்டவே வேண்டாம். ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். அஞ்சல் குறியீட்டை மட்டும் நம்பி வழிகாட்டிக் கருவியைப் பின்தொடர்ந்தால் ஏதாவது ஒரு பண்ணையின் சாணக்குழிக்கு முன்னால் போய் நிற்பீர்கள், ஏனென்றால் கிராமப்புறத்தில் ஒரு குறியீடு மைல் கணக்கில் பரவியிருக்கும். வீட்டுக்காரர் எழுதித் தரும் வழியைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி சிக்னல் போய்விடும். சில ஊர்களின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளில் இப்போது இதயத் துடிப்பு திடீரென்று நின்றால் உதவும் கருவியை வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அது எங்கே என்று முதல் நாளே பாருங்கள். அம்மா அப்பா மருந்துகளை ஒரு வாரத்துக்கு மேலாகவே எடுத்துச் செல்லுங்கள். முழு அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனை டார்லிங்டனில், மியூக்கரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். அவசரத்துக்கு 999, மற்றபடி ஆலோசனைக்கு 111.

இவ்வளவு எச்சரிக்கைகளையும் தாண்டி அங்கே எதற்காகப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். மியூக்கர் புல்வெளிகளுக்காகத்தான். ஊரின் பின்னாலிருந்து ஆற்றை நோக்கி ஒரு நடைபாதை போகிறது. கற்பலகை பதித்தது, ஓர் ஆள் அகலம். இரு பக்கமும் இடுப்பளவு புல், அதில் மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கள். பிரிட்டனில் இப்படிப்பட்ட பூம்புல்வெளிகளில் 97 சதவீதம் 1930-களுக்குப் பிறகு அழிந்துவிட்டன. மிச்சமிருக்கும் மூன்று சதவீதத்தின் நடுவே நீங்கள் நடந்து போகிறீர்கள். வரிசையாகத்தான் நடக்க வேண்டும், குழந்தையையும் புல்லுக்குள் விடக்கூடாது. அது அடுத்த குளிர்காலத்துக்கான தீவனம், மிதித்த புல்லை இயந்திரம் அறுக்காது. வயலுக்கு வயல் கற்சுவரில் குறுகலான இடைவெளி விட்டிருப்பார்கள். மனிதன் நுழையலாம், ஆடு நுழைய முடியாது. அம்மாவால் எல்லா இடைவெளிகளையும் தாண்ட முடியாவிட்டாலும் முதல் வயலே போதும்.

உங்கள் அப்பா அங்கே பூவைவிடச் சுவரைத்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை. இரண்டு முகங்களாக எழுப்பி, நடுவில் சிறு கற்களை நிரப்பி, இடையிடையே இரு முகங்களையும் இணைக்கும் நீளக் கற்களைப் போட்டிருப்பார்கள். ஏறக்குறைய வயலுக்கொன்றாக ஒரு சிறு கல் தொழுவம் நிற்கும். அந்த வயலின் புல்லை அறுத்து அதன் மேல்தளத்தில் அடுக்கி, குளிர்காலத்தில் நாலைந்து மாடுகளைக் கீழே கட்டி, அந்தச் சாணத்தை வசந்தத்தில் அதே வயலுக்கு இட்டார்கள். எதையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. எருவின் அருமை தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மலைமேல் வேலி கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லைக்குள்ளேயே மேய்கிறது. தாயாடு குட்டிக்குக் காட்டிக்கொடுத்து, தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு அது. பண்ணையை விற்கும்போது அந்த மந்தையையும் நிலத்தோடு சேர்த்தே கைமாற்றுவது வழக்கம். கறுத்த முகமும் வெள்ளை மூக்குமாக அந்த ஸ்வேல்டேல் ஆடுகளை எங்கும் பார்ப்பீர்கள், தேசியப் பூங்காவின் சின்னமே அதன் கிடாதான்.

பண்ணைக் குடும்பத்தின் வீட்டை எடுங்கள் என்று நான் சொன்னதன் முழுப் பலன் இங்கேதான் வருகிறது. முதல் தொலைபேசி உரையாடலிலேயே "என் அப்பா நெல் விவசாயி, உங்கள் பண்ணையைப் பார்க்க ஆசைப்படுவார்" என்று சொல்லிவிடுங்கள். ஜூனில் அவர்களுக்கு வேலை மிகுதி, சுற்றிக்காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், அவர்களே அழைக்கட்டும். நான் பார்த்தவரை, இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அழைக்காமல் விட்டவர்கள் இல்லை. ஒருமுறை அப்படித்தான், எங்களோடு வந்திருந்த என் மாமாவும் எண்பது வயதை நெருங்கிய ஒரு மேய்ப்பரும் சுவரில் சாய்ந்தபடி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். மழை, கூலியாள் கிடைக்காதது, பிள்ளைகள் நிலத்துக்கு வராதது. நான் மொழிபெயர்ப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டேன், அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. குழந்தைக்குப் பழைய முறையில் ஆடு எண்ணச் சொல்லித் தரும்படி கேளுங்கள். யான், டான், டெதெரா என்று தொடங்கும் அந்த எண்கள் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் இல்லாதவை.

முற்றத்தில் மேய்ப்பு நாய் இருக்கும். யாருக்காவது பயம் என்றால் முன்பே சொல்லுங்கள், கட்டிவைப்பார்கள். நடக்கப் போகும்போது பசுவுக்கும் அதன் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், நீங்கள் திறந்த கேட்டை மூடிவிடுங்கள், ஏற்கெனவே திறந்து வைத்திருந்தால் அப்படியே விடுங்கள். பொது நடைபாதைக்கு மஞ்சள் அம்புக்குறி. அது தனியார் வயலின் நடுவே போனாலும் நடப்பது உங்கள் சட்டபூர்வ உரிமை, ஆனால் பாதையை விட்டு விலகுவதற்கு அந்த உரிமை கிடையாது. அரசு நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்30 வரைபடம் ஒன்று வாங்கிவிடுங்கள், பெரும்பாலும் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். மாலையில் வந்ததும் எல்லோரும் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் என்றாலும் கம்பளிச் சட்டை வேண்டும். கனத்த கற்சுவருக்குள் இரவு குளிரும், கற்பலகைத் தரைக்குச் செருப்பு வேண்டும்.

வெளியே சாப்பிடுவதானால் பப்பில் முன்பதிவு செய்யுங்கள். பல ஊர்களில் சமையலறையை மதியம் இரண்டு மணிக்கும் இரவு எட்டு மணி வாக்கிலும் மூடிவிடுவார்கள். ஹாஸில் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி செய்யுமிடம் குழந்தைக்குப் பிடிக்கும். பழக்கேக்கோடு சேர்த்துச் சாப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம், கேட்க விநோதமாக இருந்தாலும் சாப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் மேசையில் பாலும் வெண்ணெயும், அநேகமாக வீட்டில் சுட்ட ஸ்கோன் என்னும் சிறு ரொட்டியும் வைத்திருப்பார்கள். அது வாடகையில் சேராத அன்பு. ஊரிலிருந்து வந்த முறுக்கோ அதிரசமோ ஒரு டப்பாவில் கொடுங்கள், அவர்களுக்கு அது பெரிய மகிழ்ச்சி. முந்திரியோ வேர்க்கடலையோ இருந்தால் மட்டும் சொல்லிக் கொடுங்கள், அங்கே ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. புறப்படும் காலை, பாத்திரங்களைக் கழுவி, குப்பையை அவர்கள் சொன்னபடி பிரித்துப் போட்டு, எது உடைந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு கோப்பை உடைந்ததற்கு யாரும் பணம் கேட்பதில்லை.

வரவேற்பறையில் விருந்தினர் குறிப்பேடு இருக்கும். அப்பாவைத் தமிழிலேயே நாலு வரி எழுதச் சொல்லுங்கள், கீழே நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டும் அதே வாரம் வேண்டுமென்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே கேளுங்கள். நல்ல வீடுகளின் ஜூன் வாரங்கள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே பழைய விருந்தினர்களிடம் போய்விடுகின்றன.